நொண்டுகிற மூன்றாவது கியர்

ஒரோஸாலி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது நுரையீரல் தேறியிருந்தது, காது போயிருந்தது. வியாதியை விரட்டுகிற ஊசி சிலருக்குக் காதையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடும் என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லித்தான் போட்டார். உயிர் வேண்டுமா காது வேண்டுமா என்று கேட்டால் எவனும் உயிரைத்தான் கேட்பான். அவனும் அதையே கேட்டான். ஆனால் வீட்டுக்கு வந்து முதல் நாள் கதவைச் சாத்தியபோது, சாத்திய சத்தம் வராமல், கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் மனைவி ஜிபார் அதைப் பார்த்துவிட்டு, தேநீர் வைக்கிற சாக்கில் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அடுப்போரமே அவன் இடம். முதலில் ஊரே பார்க்க வந்தது. வந்தவர்கள் அவன் முகத்துக்கு நேரே கத்தினார்கள். கத்தித் தொண்டை வலித்ததும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அவன் எல்லாருக்கும் பொதுவாக ஒரு புன்னகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு ஆள் வரும் அரவம் ஜிபாருக்குக் கேட்டு, அவள் வாசலைப் பார்த்தாலே போதும், எழுந்து உள்ளறைக்குப் போய்விடுவான்.

வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். மகள் தோல்குன் தலைநகரில் தையற்கடையில் வேலை பார்த்தாள். ஜிபார் பேசுவதை அவன் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகினான். பாதி சரியாக இருக்கும். மீதிப் பாதி வேறு ஏதாவது ஆகும்.

"மாவு தீர்ந்துடுச்சு" என்றாள் ஒரு நாள்.

"பாம்பு தீர்ந்துடுச்சா? நல்லதுதானே, அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே?"

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பதற்குக் காரணம் தேடி அவன் விழித்ததைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

இப்படி இரண்டு மூன்று தடவை ஆனபின் அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. முக்கியமானதை மட்டும் முகத்துக்கு நேரே, சின்னச் சின்ன வார்த்தையாகச் சொல்வாள். மற்றதையெல்லாம் அவன் முதுகிடம் சொல்வாள். அவன் திரும்பி உட்கார்ந்திருக்கும்போது, கம்பளி நூற்றுக்கொண்டோ மாவு பிசைந்துகொண்டோ, மனசில் வந்ததை வந்தபடி பேசுவாள். ஊர் வம்பு, மகள் மேல் கோபம், அவன் மேல் கோபம், ஆஸ்பத்திரி வராந்தாவில் தான் உட்கார்ந்திருந்த நாட்கள். பேசி முடித்தால் நெஞ்சு கொஞ்சம் லேசாகும். அவன் முதுகு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும்.

பனி உருகிக் கொட்டகைக் கூரையிலிருந்து சொட்ட ஆரம்பித்த ஒரு நாள், அவன் எழுந்து போய்ப் பைக்கின் மேல் கிடந்த தார்ப்பாயை இழுத்தான்.

சைடுகார் வைத்த பழைய சோவியத் காலத்துப் பைக் அது. கூட்டுப்பண்ணையைப் பிரித்தபோது தேனீப் பெட்டிகளோடு சேர்த்து அவன் பங்குக்கு வந்தது. ஒவ்வொரு வருஷமும் மேட்டுப் புல்வெளியில் பூ விரியும்போது, சைடுகாரில் இரண்டிரண்டு பெட்டியாகக் கட்டி மேலே ஏற்றுவான். வழியில் ஓடைக்குக் குறுக்கே மரப்பலகைப் பாலம். லாரி அதில் போகாது. குதிரைவண்டியில் வைத்தால் குலுங்கிக் குலுங்கித் தேனடை உடையும். பைக்தான் அதற்கு அளவு. அவன் படுத்த இரண்டு வருஷத்தில் சைடுகாரில் கோழி முட்டையிட்டிருந்தது. டாங்கி துருவேறியிருந்தது. சக்கரத்துக்குள் எலி கூடு கட்டிக் குடித்தனம் நடத்தியிருந்தது. தேனீக்களை மட்டும் தம்பி சாமத் பார்த்துக்கொண்டான். மேலே ஏற்ற வழியில்லாததால் அவை வீட்டுத் தோட்டத்திலேயே கிடந்து, ஆப்ரிகாட் பூ முடிந்தபின் பசியோடு திரிந்தன.

"இதைப் பிரிச்சு மறுபடி மாட்டப் போறேன். இந்த வருஷம் பெட்டி மேலே போகும்" என்றான் ஒரோஸாலி. குரலின் அளவு அவனுக்குத் தெரியாததால் அது தெரு முழுக்கக் கேட்டது.

சாமத் வேலிக்கு வெளியிலிருந்து எட்டிப் பார்த்தான். "அண்ணி, என்ன ஊருக்கே அறிவிப்பு?"

"உங்க அண்ணன் பைக்குக்கு வைத்தியம் பார்க்கப் போறாராம்."

"எடைக்குப் போட்டா ஒரு நல்ல கெண்டி வாங்கலாம்" என்று சாமத் சொல்லிவிட்டு, அண்ணன் பார்த்துவிட்டானோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். சாமத் நல்லவன். ஆனால் அவன் நாக்கு அவனுக்கு முன்னால் ஓடும்.

அதன்பின் கொட்டகையும் வீடும் ஒன்றாகிப்போயின. மாவு பிசைகிற தொட்டியில் மண்ணெண்ணெய் நின்றது. அதில் பல்சக்கரங்கள் ஊறின. ரொட்டி சுற்றுகிற துணியில் ஒரு நாள் பேரிங் இருந்தது. ஜிபார் முகத்துக்கு நேரே திட்டவில்லை, முதுகிடம் திட்டினாள். "கழுதை, என் தொட்டியத் தொட்டே, இனிமே எதுல மாவு பிசையறது, உன் தலையிலயா?" அவன் பாட்டுக்குச் சக்கரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். வேலை மேசைக்கு எதிரே ஆணியடித்து, பைக்கின் பக்கக் கண்ணாடியைத் துடைத்து மாட்டியிருந்தான். மறுநாள் காலையில் தொட்டி கழுவித் துடைத்து அடுப்படியில் கவிழ்த்திருந்தது. மண்ணெண்ணெய் வாடை போக நாளாயிற்று.

என்ஜின் நல்லபடியாக அமைந்தது. கியர்பாக்ஸில்தான் சேதம். கியர் போடும்போது பக்கவாட்டில் நகர்ந்து பல்சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிற வளையம் ஒன்று உண்டு. அதன் முகத்தில் நகம் மாதிரி நீட்டங்கள் இருக்கும், சக்கரத்தில் அந்த நகங்கள் போய் உட்காரக் குழிகள் இருக்கும். அந்த வளையத்தில் ஒரு நகத்தின் நுனி உடைந்திருந்தது. ஏரிக்கரையில் இதே பைக்கை உடைத்து விற்கிறவனிடமிருந்து சாமத் வேறு வளையம் கொண்டுவந்தான். ஒரோஸாலி அதை மாட்டி, மூடி, எண்ணெய் ஊற்றினான்.

ஆப்ரிகாட் பூவெல்லாம் உதிர்ந்து பிஞ்சு பிடித்திருந்த ஒரு முற்பகலில் பைக் உயிர் பெற்றது. இரண்டு உதையில் கிளம்பியது. ஒரோஸாலி என்ஜின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான், ஏறி உட்கார்ந்தான், முற்றத்தைச் சுற்றினான். இரண்டு வருஷத்தில் ஜிபார் பார்க்காத ஒரு முகம் அவனுக்கு அப்போது இருந்தது. பல்லெல்லாம் தெரிந்தது. தொப்பி பின்னால் சரிந்திருந்தது.

மூன்றாவது கியருக்கு மாற்றியதும் கியர்பாக்ஸிலிருந்து வந்த சத்தத்தில் நாய் ஓடிப்போய்க் கழுதை வண்டிக்கடியில் படுத்துக்கொண்டது. இரும்புச் சட்டியில் கூழாங்கல்லைப் போட்டு யாரோ ஆத்திரத்தோடு குலுக்குவதுபோல இருந்தது. சாமத் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

"அண்ணி, நீங்க சொல்லுங்க."

"உன் அண்ணன்தானே. நீ சொல்லு."

"நான் சொன்னா எடைக்குப் போடச் சொல்றேன்னு நினைப்பாரு."

"அந்த மூஞ்சியப் பாரு சாமத். எப்படிச் சொல்றது?"

இரண்டு பேரும் சொல்லவில்லை. ஒரோஸாலி அவர்களைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு, வாசலைத் தாண்டி மேட்டுச் சாலையில் போனான். சத்தம் தேய்ந்து, ஓரிடத்தில் அறுந்தது. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகத் திரும்பி வந்தான். தொப்பி நெற்றிக்கு இறங்கியிருந்தது.

"மூணாவது நிக்க மாட்டேங்குது. ஏத்தத்துல இழுக்கச் சொன்னா எகிறி வெளிய வந்துடுது" என்று இறங்கினான். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "சத்தம் வந்துச்சா?"

சாமத் தரையைப் பார்த்தான். ஜிபார் மேல்துண்டின் முனையைத் திருகினாள்.

"வந்துச்சில்ல. முதல்லயே வந்துச்சு. ரெண்டு பேரும் வாயப் பொத்திக்கிட்டு நின்னீங்க." இந்தத் தடவை அவன் குரல் அதிசயமாக மெல்ல வந்தது. "நான் செவிடுதான். குழந்தை இல்ல."

அன்று முழுவதும் அவன் அவள் உதட்டைப் பார்க்கவில்லை. உதட்டைப் பார்க்காவிட்டால் அவனிடம் எதுவும் சொல்ல முடியாது. ஊர்ப் பெண்கள் புருஷன் பேசாமலிருக்கிறான் என்று புலம்புவார்களே, இது அதையும்விட மோசம், தன் பேச்சையே கதவடைத்து வெளியே நிறுத்திவிட்டானே என்று ஜிபார் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவன் காலால் கியர் மாற்றுகிற நெம்புகோலுக்குப் பக்கத்திலுள்ள திருகுகளைக் கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் வெளியே என்று நகர்த்திப் பார்த்தான். நெம்புகோல் சரியான தூரம் தள்ளாவிட்டால் வளையம் முழுக்க உள்ளே போகாது, கியர் எகிறும். திருகியும் பலனில்லை. கியர்பாக்ஸை இறக்கினான். இறக்குவது லேசான காரியமில்லை, பின்சக்கரத்தைக் கழற்றி, சக்கரத்துக்குப் போகிற தண்டை உருவி, அதன்பின்தான் அது வெளியே வரும். வளையத்தைத் தள்ளுகிற கவை மயிரிழை வளைந்த மாதிரித் தெரிந்தது. அடுப்பில் காய்ச்சி நிமிர்த்தினான். ஒரு பேரிங்கின் மேல் சந்தேகம் வந்து அதையும் மாற்றினான். மறுபடி மாட்டினான். ஜிபார் தாங்கிப் பிடித்தாள். பேச்சில்லாமல் அவன் கையை நீட்டினால் எந்த ஸ்பேனர் என்று இப்போது அவளுக்கே தெரிந்தது.

மேட்டுச் சாலைக்குப் போய்த் திரும்பினான். முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எடைக்குப் போட்டுடலாம்" என்றான்.

சாமத் அப்போது அங்கேதான் இருந்தான். அன்றைக்கு அதே வார்த்தையைச் சொன்னவன் அவன்தான். இப்போது அவனே, "ஏண்ணே அப்படிச் சொல்றீங்க" என்று எழுந்து நின்றான். ஒரோஸாலி அதைப் பார்க்கவில்லை. கொட்டகைக்குள் போய் மேசை முன்னால், வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான். சாமத் நின்று நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

ஜிபார் பால் கலந்த தேநீர் எடுத்துக்கொண்டு போனாள். கிண்ணத்தை மேசையில் வைத்தாள். அவன் திரும்பவில்லை. அவனுக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்டிருந்த காலிப் பெட்டி மேல் அவள் உட்கார்ந்தாள். வெளியே வெயில் அடித்தது. தேனீ ஒன்று உள்ளே வந்து சுற்றிவிட்டு வழி கண்டுபிடித்துப் போயிற்று.

"பைக் கிடக்குது, போகட்டும்" என்று அவன் முதுகிடம் சொன்னாள். "நீ உசுரோட வந்தே, அதுக்கு மேல நான் எதுவும் கேக்கலை. ஆஸ்பத்திரியில உன்னைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வச்சிருந்தப்போ அந்த வியாதிகிட்ட என்ன வேணா எடுத்துக்கோ இவரை விடுன்னுதான் கேட்டேன். காதை எடுத்துக்கிச்சு. ஆனா ஒண்ணு. எனக்குப் பயமா இருக்கு. கொஞ்ச நாள்ல என் குரல் எப்படி இருக்கும்னு உனக்கு மறந்துபோயிடும். நான் பேசறது உனக்கு வெறும் வாய் அசையறதுதான். மாடு அசை போடற மாதிரி."

"மறக்கலை" என்றான் ஒரோஸாலி.

அவள் வாய் திறந்தபடியே இருந்தாள். அவன் திரும்பவே இல்லை.

"காலையில எழுந்த உடனே தொண்டையில உமி சிக்கின மாதிரி இருக்கும். ரெண்டு கிண்ணம் டீ குடிச்சாத்தான் சரியாகும். கோபம் வந்தா கடைசி வார்த்தை மேல போய் உடையும். தோல்குனைக் கூப்பிடும்போது மட்டும் வேற ஒரு குரல், அது எனக்குக் கிடைச்சதே இல்ல." கையை நீட்டி எதிரே ஆணியில் தொங்கின பக்கக் கண்ணாடியை விரலால் தட்டினான். அதற்குள் சின்னதாக, முழுசாக, அவள் முகம் இருந்தது.

ஜிபாருக்கு முதலில் உடம்பெல்லாம் கூசியது. "எத்தனை நாளா?"

"மாட்டின நாள்லேருந்து. வாசல்ல யார் வர்றாங்கன்னு பார்க்கத்தான் மாட்டினேன். சத்தியமா."

"அப்போ நான் உன்னைக் கழுதைன்னு சொன்னது?"

"பார்த்தேன். ரெண்டு தடவை. தொட்டியக் கழுவி வச்சேனே."

"உங்க அக்கா பாடறதப் பத்திச் சொன்னது?"

"அது உண்மைதானே."

அவள் அழுதுகொண்டே அவன் முதுகில் ஓர் அடி போட்டாள். பிறகு அந்த முதுகிலேயே நெற்றியை வைத்துக்கொண்டாள். அவன் பேசும்போது முதுகு அதிர்ந்தது.

"ஏன் சொல்லலைன்னு கேக்கறியா? சொன்னா நீ பேசறத நிறுத்திடுவே. நேர்ல வந்தா 'சாப்பிடு', 'படு', 'குளிர் அடிக்குது' இதத்தானே சொல்றே. என் பொண்டாட்டி கண்ணாடிக்குள்ளதான் இருந்தா."

தேநீரில் ஆடை படிந்துவிட்டது. அவன் அதைக் குடித்துவிட்டு, திரும்பி அவளுக்கு நேராக உட்கார்ந்தான்.

"சரி கிழவி. இப்போ மூஞ்சிக்கு நேரா ஒண்ணு சொல்லு. அந்தச் சத்தம் எப்படி இருக்கு?"

"நாராசமா இருக்கு."

"அது எனக்கே நாய் மூஞ்சியப் பார்த்துத் தெரிஞ்சிருச்சு. எப்படின்னு சொல்லு. நான் தப்பா தேடிக்கிட்டு இருக்கேன். முன்னெல்லாம் காதால கேட்டு இந்தப் பக்கம்னு சொல்லிடுவேன். இப்போ கண்ணால பார்த்து ஊகிக்கிறேன். காது உன்கிட்ட இருக்குது."

"எனக்கு என்ன தெரியும் இதுல?"

"ஆட்டு மந்தையில எது இருமுதுன்னு வீட்டுக்குள்ள இருந்தே சொல்லுவே. இதுக்கு மட்டும் தெரியாதா?"

பைக்கைப் பின்சக்கரம் தரையைத் தொடாதபடி மரக்கட்டை மேல் தூக்கி நிறுத்தினார்கள். அவன் நீளத் திருப்புளி ஒன்றை எடுத்து, நுனியைக் கியர்பாக்ஸின் மேல் வைத்து, பிடியை அவள் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் ஒட்டவைத்தான். தன் தொப்பியைக் கழற்றி அவள் கூந்தலை அதற்குள் திணித்தான், சக்கரத்தில் மாட்டிக்கொள்ளாமலிருக்க. அது அவள் கண்வரை இறங்கியது. என்ஜினைக் கிளப்பினான்.

திருப்புளி வழியாகச் சத்தம் நேராக மண்டைக்குள் வந்தது. அவள் திடுக்கிட்டுப் பின்வாங்கி, மறுபடி குனிந்தாள். நியூட்ரலில் மாவு சலிக்கிற மாதிரி ஒரே சீராக இருந்தது. அவனைப் பார்த்து உதட்டை நன்றாக அசைத்து, "மாவு சலிக்குது" என்றாள்.

"பாம்பு?"

"மாவு." கையால் சலித்துக் காட்டினாள்.

"நல்லது. பேரிங் சரியா இருக்கு. அனாவசியமா மாத்தியிருக்கேன்."

முதல் கியர் போட்டான். பின்சக்கரம் வெறும் காற்றில் சுற்றியது. அவன் பிரேக்கை லேசாக அழுத்தி, ஏற்றத்தில் இழுப்பது போலச் சுமை கொடுத்தான். சலிப்பு கொஞ்சம் கனத்தது, அவ்வளவுதான். இரண்டாவதிலும் அதே. மூன்றாவது போட்டதும் கட கட என்று பிடித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முதலில் அது வெறும் இரைச்சலாக இருந்தது. கேட்கக் கேட்க அதற்குள் ஒரு நடை தெரிந்தது.

"நொண்டுது" என்றாள்.

"என்னது?"

"நொண்டுது. காலு. நொண்டி." அவனுக்குப் பிடிபடவில்லை. அவள் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு அவன் முன்னங்கையைப் பிடித்து, விரலால் தட்டினாள். தட்டு, தட்டு, தட்டு, தட்டு, பிறகு ஓர் அழுத்தமான குத்து. மறுபடி அதேபோல. மறுபடி. "நம்ம பழைய கிடா கால் ஒடிஞ்சு நடந்துச்சே, அந்த மாதிரி. ஒரு காலை ஊன்றப்போ மட்டும் விழுது."

ஒரோஸாலி கையை எடுக்காமல் நின்றான். "இன்னொரு தடவை" என்றான். அவள் தட்டினாள். அவன் ஆக்சிலேட்டரை முறுக்கினான். அவள் கேட்டுக்கொண்டே தட்டினாள், இப்போது வேகமாக. அவன் விட்டான். அவள் தட்டலும் தளர்ந்தது. ஆனால் நடை மாறவில்லை.

அவன் திருப்புளியை எடுத்து, பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு நுனியைக் கியர்பாக்ஸில் வைத்தான். அப்படியே குனிந்து நின்றான். பிறகு பல்லிடுக்கில் சிரித்தான்.

"காதுல ஒண்ணும் விழல. பல்லுக்குத் தெரியுது. நொண்டுது கிழவி, நீ சொன்னபடியே நொண்டுது."

என்ஜினை நிறுத்திவிட்டு அவளிடம் விளக்கினான். கவை வளைந்திருந்தாலோ பேரிங் தேய்ந்திருந்தாலோ சத்தம் சுற்று முழுக்க ஒரே மாதிரி வரும். சுற்றுக்கு ஒரு தடவை விழுகிறது என்றால், பல்சக்கரத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் கோளாறு. இதுவரை அவன் எல்லா இடத்திலும் இருக்கிற தப்பைத் தேடிக்கொண்டிருந்தான். ஒரே இடத்தில் இருக்கிற தப்பைத் தேடவில்லை.

மறுநாள் விடிந்து பெட்டை ஆடுகளைக் கறந்து முடித்ததும் கியர்பாக்ஸ் மூன்றாவது தடவையாக வெளியே வந்தது. மூன்றாவது கியரின் பல்சக்கரத்தைத் துணியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பற்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. நகங்கள் உட்காருகிற குழிகளும் ஒன்றுபோல் பளபளத்தன.

"கண்ணு ஏமாத்துது" என்றான். "தீக்குச்சி கொண்டா."

ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு தீக்குச்சியை நிறுத்தினான். எல்லாம் ஒரே உயரத்தில் நின்றன. ஒன்று மட்டும் பக்கத்துக் குச்சிகளின் தலைக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜிபார்தான் முதலில் பார்த்தாள், அவன் கையைப் பிடித்தாள். அவன் அந்தக் குச்சியை எடுத்து வேறு குழியில் வைத்தான், அது மற்றவற்றோடு சமமாக நின்றது. வேறு குச்சியை இந்தக் குழியில் வைத்தான். அதுவும் எட்டிப் பார்த்தது.

"அடைச்சிருக்கு. அடியில என்னமோ கிடக்கு."

சக்கரத்தைச் சூடாக்கி, துணி சுற்றி அவள் முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கச் சொன்னான். கூரான உளியைக் குழியின் ஓரத்தில் வைத்துச் சின்னச் சுத்தியால் தட்டினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடித்தாள். நாலைந்து தட்டில் ஏதோ தெறித்து அவள் பாவாடைமேல் விழுந்தது. துவரம்பருப்பு அளவு எஃகுத் துண்டு. குழிக்குள் அடிபட்டு அடிபட்டு, குழியின் அடிமட்டமே அதுதான் என்கிற மாதிரி தட்டையாக வழவழவென்று ஆகியிருந்தது.

ஒரோஸாலி அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தான். பிறகு பழைய உடைந்த வளையத்தைத் தேடி எடுத்து, உடைந்த நகத்தோடு பொருத்திக் காட்டினான்.

"வளையத்தை மாத்தினேன். உடைஞ்ச துண்டு எங்கேன்னு கேக்கவே இல்ல. பழைய எண்ணெயோட ஊத்திப் போயிருக்கும்னு நினைச்சுட்டேன். இது இங்கேயே குந்திக்கிட்டு, புது வளையம் உள்ள வர்றப்பல்லாம் வெளியே தள்ளிக்கிட்டு இருந்திருக்கு."

"பல்லுல சிக்கின கறி மாதிரி" என்றாள்.

அவன் அவள் உதட்டைப் பார்த்தான். "பல்லுல சிக்கின வரி?"

"ஆமாம், வரிதான். அரசாங்கத்துக்குக் கட்டு."

அதை அவன் முழுக்கப் புரிந்துகொண்டான் என்று அவன் சிரித்ததிலிருந்து தெரிந்தது.

அன்று பிற்பகலில் மேட்டுச் சாலையில் மூன்றாவது கியர் நின்றது. ஜிபார் சைடுகாரில் உட்கார்ந்து, திருப்புளி இல்லாமலே கேட்டுக்கொண்டு போனாள். மாவு சலிக்கிற சத்தம், கொஞ்சம் கனமாக. அவன் ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கையால் சலித்துக் காட்டிக்கொண்டே வந்தாள். வேலியோரம் நின்றிருந்த சாமத், அண்ணி எதற்காகச் சைடுகாரில் உட்கார்ந்து ஜாடையில் மாவு சலிக்கிறாள் என்று தெரியாமல், தானும் கையை ஆட்டி வைத்தான்.

பூ விரிந்த வாரத்தில் பெட்டிகள் மேலே போயின. விடிகாலையில், தேனீக்கள் வெளியே வருமுன் வாயிலைப் புல்லால் அடைத்து, இரண்டிரண்டாகக் கட்டி ஏற்றினார்கள். கீழே சாமத் ஏற்றிவிட்டான், மேலே ஜிபார் இறக்கினாள். பாலத்தில் பலகைகள் ஒவ்வொன்றாக முனகின. கடைசிப் பெட்டியும் புல்வெளியில் உட்கார்ந்ததும் ஒரோஸாலி வாயில்களிலிருந்த புல்லை எடுத்தான். தேனீக்கள் முதலில் தயங்கி, பலகைமேல் நடந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிறகு இளஞ்சிவப்புப் பூக்காட்டின்மேல் பரவின. கீழே தூரத்தில் ஏரி கிடந்தது. ரொட்டியைப் பிய்த்துப் பாலாடையில் தோய்த்துச் சாப்பிட்டார்கள். ஒரோஸாலி புல்லில் மல்லாந்து படுத்தான். இரண்டு வருஷத்துக்குப் பின் முதல் தடவையாக இருமாமல் அத்தனை தூரம் ஏறி இறங்கியிருக்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

கிளம்பும்போது அவன் சாவியை அவள் கையில் வைத்துவிட்டுச் சைடுகாரில் ஏறி உட்கார்ந்தான்.

"என்ன இது?"

"நீ ஓட்டு. இறக்கம்தான். எப்போ கியர் மாத்தணும்னு சத்தத்துல தெரியும். எனக்கு அது தெரியாது, காலால தடவித் தடவித்தான் ஓட்டறேன். உனக்குக் காது இருக்கு."

"கிழவா, எனக்குக் கழுதை வண்டி தவிர ஒண்ணும் தெரியாது."

"அது இதைவிடக் கஷ்டம். கழுதைக்குச் சொந்த புத்தி உண்டு."

அவள் பாவாடையைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஏறினாள். அவன் சைடுகாரிலிருந்து எட்டி, கிளட்ச் எது, பிரேக் எது என்று அவள் கையையும் காலையும் தொட்டுத் தொட்டு வைத்தான். முதல் தடவை பைக் தவளைபோல ஒரு குதி குதித்து அணைந்தது. இரண்டாம் தடவை பூக்காட்டுக்குள் பாதி போய் நின்றது. அடுத்ததில் பாதைக்கு வந்தது. முதலிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றும்போது, கிளட்ச் சரியாகப் பிடிக்காமல், பல்லோடு பல் உரசி எலும்பு வரைக்கும் கூசுகிற ஒரு சத்தம் எழுந்தது. அவள் தோளைக் குறுக்கி, கண்ணை இடுக்கினாள்.

ஒரோஸாலி கையைத் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, காலை நீட்டி, ஏரியைப் பார்த்தபடி நிம்மதியாகச் சாய்ந்திருந்தான். அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "என்ன ஆச்சு?" என்றான்.

"ஒண்ணுமில்ல."

"பொய் சொல்றே. சத்தம் வந்துச்சா?"

"வந்துச்சு" என்று ஜிபார் அவன் பக்கம் முகத்தை முழுக்கத் திருப்பிச் சொன்னாள். "உங்க அக்கா பாடற மாதிரி."

அவன் சிரித்த சிரிப்பில் சைடுகார் ஆடியது. "ரோட்டப் பாரு, ரோட்டப் பாரு" என்று கத்தினான். அவள் ரோட்டைப் பார்த்தாள். எதிரே, பாலத்துக்கு முன்னால், யாருடையதோ பசு ஒன்று பாதையின் நடுவில் நின்று அவர்களை யோசனையோடு பார்த்துக்கொண்டிருந்தது. ஜிபார் ஹாரனை அழுத்தினாள். அது வேலை செய்யவில்லை. ஹாரனை யாருமே சரிபார்க்கவில்லை. அவள் பிரேக்கைத் தேடிப் பிடித்து, பசுவுக்கு ஒரு கை தூரத்தில் பைக்கை நிறுத்தி, என்ஜின் அணையாமல் பார்த்துக்கொண்டாள். பசு எப்போது நகருமோ அப்போது நகரட்டும் என்று இரண்டு பேரும் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள்.